பெயர் பிறந்த கதை – 9: ஏழு கைகள்

சென்ற வாரம் ஜின்னாவின் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டு 'தொடரும்' போட்டோம். ஒரு வாரம் அவரைக் காக்கவைத்தது பாவம்தான். வாருங்கள், கடிதத்தைப் பிரிப்போம்.

லண்டனில் ஒரு கலைக் கண்காட்சி. துணைக்கண்டத்தின் சிற்பங்களும் ஓவியங்களும் அங்கே போகின்றன. கௌரவத் தலைவராக இருக்க முடியுமா என்று மவுண்ட்பேட்டன் கேட்டிருக்கிறார். மரியாதையான அழைப்பு. வேறு யாராக இருந்தாலும் 'மகிழ்ச்சி' என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருப்பார்கள்.

ஜின்னாவின் கண் ஒரே ஒரு சொல்லில் போய் நின்றது.

இந்தியா.

1947 செப்டம்பரில் அவர் எழுதிய பதிலின் சாரம் இதுதான்: ஏதோ மர்மமான காரணத்துக்காக ஹிந்துஸ்தான் 'இந்தியா' என்ற பெயரை எடுத்துக்கொண்டுவிட்டது. குழப்பம் உண்டாக்குவதற்கென்றே செய்த காரியம் இது.

ஒரு கண்காட்சி அழைப்புக்கு எழுதிய பதிலில் இவ்வளவு சூடு எதற்கு?

அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள். நிலம் பிரிந்தாயிற்று. பாத்திரம் பண்டம் பிரிந்தாயிற்று. அப்பா நடத்திய கடையின் பெயர்ப்பலகை யாருக்கு? அது யாருக்கும் வேண்டாம், கழற்றி மூலையில் வைத்துவிட்டு ஆளுக்கொரு புதுப் பெயர் வைத்துக்கொள்வோம் என்று தம்பி நினைத்திருந்தார். விடிந்து பார்த்தால் அண்ணன் வாசலில் அதே பழைய பலகை தொங்குகிறது!

பாகிஸ்தான் ஒன்று, ஹிந்துஸ்தான் ஒன்று. அதுதான் ஜின்னா போட்டிருந்த கணக்கு. சுதந்திரத்துக்கு முன்பே முஸ்லிம் லீக் இந்தப் பெயர் விஷயத்தில் ஆட்சேபம் சொல்லியிருந்தது. பலிக்கவில்லை.

அந்தப் பலகைக்கு விலை இருந்தது. ஐக்கிய நாடுகள் சபை 1945-இல் தொடங்கியபோதே 'இந்தியா' அதில் உறுப்பினர். பிரிவினைக்குப் பிறகு டெல்லி அதே நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துகொண்டது. பாகிஸ்தான் புதிதாக விண்ணப்பம் போட்டு, 1947 செப்டம்பர் 30 அன்றுதான் உள்ளே வந்தது. அன்றைக்கும் ஆப்கானிஸ்தான் எதிர்த்து வாக்களித்தது. (அந்த வம்பு தனிக் கதை. பிறகு ஒரு நாள் பார்ப்போம்.) ஜின்னா பழுத்த வக்கீல். ஒரு பெயரோடு எவ்வளவு சொத்து சேர்ந்து வரும் என்பது அவருக்கா தெரியாது?

ஆக, 1947-இல் டெல்லி அந்தப் பெயரை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டது.

இரண்டே வருஷம். டெல்லிக்குள்ளேயே ஒரு கூட்டம் எழுந்து நின்று, 'அந்தப் பலகையைக் கழற்றுங்கள்' என்றது.

1949 செப்டம்பர் 18. ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறென்றும் பாராமல் அரசியல் நிர்ணய சபை கூடியிருக்கிறது. தலைமை நாற்காலியில் ராஜேந்திர பிரசாத். எதிரே களைத்துப்போன முகங்கள்.

களைப்புக்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். நான்கு நாள் முன்னால், செப்டம்பர் 14 அன்றுதான் ஆட்சிமொழிச் சண்டை ஒரு முடிவுக்கு வந்திருந்தது. ஹிந்தியா, ஆங்கிலமா, எத்தனை வருஷம், எந்த எண்கள் என்று சபையே இரண்டுபட்டுக் கிடந்தது. கடைசியில் முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் சேர்ந்து தயாரித்த சமரசத்தை ஆளாளுக்கு அரைமனதோடு ஏற்றுக்கொண்டு கைதட்டிவிட்டு வந்திருந்தார்கள். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை.

அதற்குள் பெயர்.

எத்தனை ஷரத்துகளை அலசிக் காயப்போட்டிருந்த சபை அது! ஆனால் முதல் ஷரத்தின் முதல் சொல் மட்டும் முடிவாகாமல் கிடந்தது. 1948-இல் வெளியான வரைவில் 'இந்தியா' மட்டும்தான் இருந்தது. பாரதம் கிடையாது. அந்த ஆண்டு நவம்பரில் அனந்தசயனம் அய்யங்கார் ஒரு திருத்தத்தோடு வந்தார். பாரதம், பாரத வர்ஷம், ஹிந்துஸ்தான் என்று மூன்று பெயர்களை முன்வைத்தார். எதைத் தேர்ந்தெடுப்பது? யோசிக்க அவகாசம் வேண்டும் என்று தள்ளிப்போட்டார்கள்.

பத்து மாதம் தள்ளிப்போட்டார்கள்!

என் ஊகம் ஒன்று. மொழிப் பிரச்சினை தீராமல் பெயரைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து பற்றிக்கொள்ளும் என்ற பயம் பெரியவர்களுக்கு இருந்திருக்கும். அதனால்தான் மொழி முடிந்த கையோடு, செப்டம்பர் 17 அன்று, அம்பேத்கர் எழுந்து புதிய வாசகத்தை வைத்தார்.

'இந்தியா, அதாவது பாரதம், மாநிலங்களின் ஒன்றியமாக இருக்கும்.'

பழைய வரைவில் இல்லாத பாரதம் உள்ளே வந்துவிட்டது. இனி தகராறு இருக்காது என்று அம்பேத்கர் எதிர்பார்த்திருக்கலாம். அவருக்கு அவசரம். உடம்பில் சர்க்கரை நோய். குடியரசு பிறக்க நாள் நெருங்குகிறது. 'இது வரைவுக் குழுவா, காற்றில் அலையும் குழுவா' என்று நசிருத்தீன் அகமது கேலி செய்தது வேறு காதில் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் எழுந்தார் ஹரி விஷ்ணு காமத்.

இவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஐ.சி.எஸ். அதிகாரி. அந்தக் காலத்தில் அதற்கு மேல் ஒரு வேலை கிடையாது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு சுபாஷ் சந்திர போஸின் பின்னால் போனவர். சபையில் எழாத நாள் இல்லை. அரசியல் சாசனம் கடவுள் பெயரால் தொடங்க வேண்டும் என்று அடுத்த மாதமே ஒரு திருத்தம் கொண்டுவந்து, வாக்கெடுப்பு வரைக்கும் இழுத்து, 41-க்கு 68 என்று தோற்றவர். தோற்பதற்கு அஞ்சாத ஆள்.

அன்று காமத் நாமகரணத்தில் தொடங்கினார். குழந்தை பிறந்தால் பெயர் சூட்டுவது உலக வழக்கம். குடியரசு என்ற குழந்தை பிறக்கப் போகிறது. என்ன பெயர்? பாரதம், ஹிந்துஸ்தான், ஹிந்த், பாரத பூமி, பாரத வர்ஷம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பழைய பெயரே போதும் என்பவர்களும் உண்டு. ஆனால் புதுப் பெயர் வைப்பது என்று முடிவு செய்துவிட்டால் அதை ஒழுங்காக வைக்க வேண்டாமா?

பிறகு அயர்லாந்துக்குப் போனார். 1937-இல் வந்த அவர்களுடைய சாசனத்தைப் பாருங்கள் என்றார். நாட்டின் பெயர் 'ஏர'. ஆங்கில மொழியில் அயர்லாந்து. சொந்தப் பெயர் முன்னால், ஆங்கிலேயன் அழைக்கும் பெயர் பின்னால். அதே அச்சில் காமத் வார்த்த திருத்தம்:

'பாரதம், அல்லது ஆங்கில மொழியில் இந்தியா.'

கவனியுங்கள். காமத் இந்தியாவை விரட்டவில்லை. இரண்டாவது வரிசைக்குப் போகச் சொன்னார். அவ்வளவுதான். 'இந்தியா, அதாவது பாரதம்' என்ற வாசகம் அவருக்கு நொண்டியாகப் பட்டது.

பரதன் யார், சகுந்தலையின் மகனா, வேத காலத்துக் குலமா என்று காமத் வேர் தேடிப் போகத் தொடங்கினார்.

அம்பேத்கருக்குப் பொறுமை போய்விட்டது.

குறுக்கே எழுந்தார். இதையெல்லாம் தோண்டிக்கொண்டிருப்பது அவசியமா என்று கேட்டார். வேறு இடத்தில் பேசினால் சுவையாக இருக்கலாம். நண்பர் பாரதம் என்ற சொல்லை ஏற்கத்தானே செய்கிறார், நேரம் குறைவாக இருக்கும்போது ஓர் அளவு வேண்டாமா என்றார்.

காமத் விடுவாரா? சபையை நடத்துவது அம்பேத்கரின் வேலை இல்லை என்று சுடச்சுடத் திருப்பிக் கொடுத்தார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் அம்பேத்கர் பக்கம். கோபப்பட்டாரே தவிர, பாரதத்தை மறுத்து அவர் ஒரு சொல் சொல்லவில்லை. அவருக்கு இருந்த பகை கடிகாரத்தோடு.

அடுத்து எழுந்தவர் சேட் கோவிந்த் தாஸ். ஜபல்பூரின் பெரிய செல்வக் குடும்பம். ஹிந்திக்காக நெஞ்சை நிமிர்த்தி நின்றவர். நான்கு நாள் முன்பு முழு வெற்றி கிடைக்காமல் சமரசத்துக்குத் தலையாட்ட வேண்டி வந்ததில் அவருக்கு மனத்தாங்கல் இருந்திருக்கும். பெயரிலாவது முழுசாக ஜெயிக்க வேண்டும் என்ற வேகம் பேச்சில் தெரிந்தது.

'இந்தியா, அதாவது பாரதம்' என்பது ஒரு நாட்டின் பெயருக்கு அழகான சொற்கள் இல்லை என்றார். வேதம், உபநிடதம், மகாபாரதம், விஷ்ணு புராணம் என்று சாட்சிகளை வரிசையாக அழைத்தார். சீன யாத்ரிகர் யுவான் சுவாங்கையும் கூண்டில் ஏற்றினார். காந்தியின் தலைமையில் 'பாரத மாதா கி ஜே' என்று முழங்கித்தானே விடுதலை வாங்கினோம் என்று முடித்தபோது சபையில் பல பேருக்குச் சிறை நாட்கள் நினைவுக்கு வந்திருக்கும்.

நான் அந்த அவையில் இருந்திருந்தால் இன்னொரு சாட்சியை அழைத்திருப்பேன். புவனேஸ்வரம் பக்கத்தில் உதயகிரி. அங்கே ஹாதிகும்பா குகை. கலிங்க மன்னன் காரவேலன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தன் வெற்றிகளைப் பாறையில் வெட்டிவைத்திருக்கிறான். அதில் 'பரதவஸ' என்று ஒரு நாடு வருகிறது. பாரத வர்ஷம்தான். கல்லில் கிடைத்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்று.

ஆனால் கூண்டில் ஏறியதும் இந்தச் சாட்சி பிறழ்சாட்சியாகிவிடும்! காரவேலன் அந்தப் பரதவஸத்தின் மேல் படையெடுத்துப் போனதாகச் சொல்கிறான். அப்படியென்றால் அவனுடைய கலிங்கம் அதில் சேர்த்தி இல்லை. வடக்கே கங்கைச் சமவெளிப் பக்கம் இருந்த ஏதோ ஒரு நிலப்பரப்பு. அதே கல்வெட்டில் தமிழரின் கூட்டணியை உடைத்த பெருமையும் தனியாக வருகிறது. நாமும் அன்றைய பரதவஸத்துக்கு வெளியேதான் இருந்திருக்கிறோம். இமயத்திலிருந்து தென்கடல் வரைக்கும் அந்தப் பெயர் விரிந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, சபைக்குத் திரும்புவோம். சென்னை மாகாணத்திலிருந்து ஒருவர் எழுகிறார்.

கல்லூர் சுப்பா ராவ். அனந்தப்பூர்க்காரர். தெற்கத்திக்காரர் பெயர் விஷயத்தில் வடக்கத்திக்காரர்களை எதிர்ப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? மனிதர் பாரதத்துக்கு முழு ஆதரவு. ஆனால் அவர் கொண்டுவந்த வாதம் வேறு யாருக்கும் தோன்றாதது.

இந்தியா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? சிந்து நதியிலிருந்து. சிந்து பாரசீகர் வாயில் ஹிந்து ஆனது. மன்னன் தாரயவுஷின் கல்வெட்டுகளிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. கிரேக்கர் வாயில் 'ஹ' உதிர்ந்து இந்து, இந்தியா. மெகஸ்தனிஸ் எழுதிய நூலுக்கே 'இண்டிகா' என்றுதான் பெயர். இதெல்லாம் நீங்கள் நான்காவது வாரத்திலேயே படித்தது.

சுப்பா ராவ் கேட்டது இதுதான்: அந்தச் சிந்து நதி இப்போது எங்கே ஓடுகிறது?

பாகிஸ்தானில்!

அப்படியானால் ஹிந்துஸ்தான் என்று பாகிஸ்தானை அல்லவா அழைக்க வேண்டும் என்றார். ஜின்னா காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. இருந்து கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாரோ! எந்தப் பெயரை டெல்லி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர் எழுதினாரோ, அதன் வேர் அவர் நாட்டு நதியில்தான் இருக்கிறது என்று டெல்லி சபையிலேயே ஒருவர் பேசுகிறார்.

சுப்பா ராவ் அதோடு விடவில்லை. போகிற போக்கில் கோவிந்த் தாஸுக்கும் ஒரு யோசனை சொன்னார். ஹிந்தி என்ற பெயரும் அதே சிந்துவிலிருந்து வந்ததுதானே? அதை மாற்றி 'பாரதி' என்று வையுங்களேன். கலைமகளின் பெயர்!

எவ்வளவு பணிவான குத்து. கோவிந்த் தாஸ் இதற்கு என்ன முகபாவம் காட்டினார் என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவைக்காமல் போய்விட்டார்கள்.

பிறகு கமலாபதி திரிபாதி. பிற்காலத்தில் உத்தரப் பிரதேச முதலமைச்சர் ஆனவர். அடிமைப்பட்ட நாடு தன் ஆன்மாவை இழந்து பெயரையும் இழக்கிறது என்று உருக்கமாகத் தொடங்கினார். 'பாரதம், அதாவது இந்தியா' என்று இருந்தால் இன்னும் பொருத்தம் என்றார். அதாவது, அதே சொற்கள், வரிசை மட்டும் தலைகீழ். ஆனால் பேச்சு புராணத்துக்குள் போய்க்கொண்டே இருந்தது. அம்பேத்கர் மறுபடியும் எழுந்தார். இதெல்லாம் அவசியமா, செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது என்றார்.

ஹர்கோவிந்த் பந்த் வந்தார். பத்ரிநாத், கேதார்நாத் பக்கத்து மலை ஜனங்களின் பிரதிநிதி. அவர்தான் எல்லோரையும்விட நேரடியாகப் பேசினார் என்பேன். குளிக்கும்போதும் பூஜை செய்யும்போதும் சங்கல்பத்தில் நாங்கள் சொல்வது எந்தப் பெயர்? நம் ஊர் சாஸ்திரிகள் மூச்சுவிடாமல் சொல்லும்போது 'பரத கண்டே' என்று காதில் விழுமே, அதைத்தான் சொன்னார். இந்தியா என்பது நம் செல்வத்தைக் கேள்விப்பட்டு ஆசைப்பட்டு வந்து நம்மை அடிமையாக்கியவர்கள் கொடுத்த பெயர். அதைப் பிடித்துத் தொங்குவது வெட்கம் என்றார்.

பேச்சு முடிந்தது.

'இந்தியா ஏன் முன்னால் வர வேண்டும்' என்பதற்கு யாரும் அங்கே உருகவில்லை. நெஞ்சைத் தொடும் பேச்செல்லாம் ஒரு பக்கம். மறுபக்கம் மௌனம்.

ராஜேந்திர பிரசாத் காமத்தின் திருத்தத்தை வாக்குக்கு விட்டார். ஆதரிப்பவர்கள் கையை உயர்த்தட்டும்.

கைகள் உயர்ந்தன. எண்ணினார்கள்.

38.

எதிர்ப்பவர்கள்?

மறுபடியும் கைகள். மறுபடியும் எண்ணிக்கை.

51.

திருத்தம் விழுந்தது. 'இந்தியா, அதாவது பாரதம்' நிலைத்தது.

பேனாவை எடுத்து ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். சபையின் மொத்த உறுப்பினர்கள் 299. கை தூக்கியவர்கள் 38-உம் 51-உமாக 89 பேர். மூன்றில் ஒரு பங்கை விடக் குறைவு. வித்தியாசம் 13. எதிர்த்த 51 பேரில் ஏழே ஏழு பேர் மனம் மாறியிருந்தால்? 45-க்கு 44. காமத் ஜெயித்திருப்பார். சாசனத்தின் முதல் ஷரத்தில் எந்தப் பெயர் முன்னால் நிற்கும் என்பதை அந்த ஞாயிறு ஏழு கைகள் முடிவு செய்தன.

ஏன் அந்த 51 பேர் எதிர்த்தார்கள்? பாரதத்தின் மேல் வெறுப்பா? நான் நம்பவில்லை. வெறுப்பிருந்தால் அதை வாசகத்தில் சேர்த்திருக்கவே மாட்டார்கள். மொழிச் சண்டையில் வாங்கிய அடியோடு இருந்தவர்களுக்கு, வரிசையை மாற்றச் சொல்லும் குரல்களில் ஹிந்திக் குரலே உரக்கக் கேட்டது. இன்னும் சிலருக்கு ஐ.நா. நாற்காலி நினைவு. இன்னும் சிலருக்கு, சொன்னால் சிரிப்பீர்கள், வேலை முடிந்தால் போதும் என்ற களைப்பு. பெரிய முடிவுகளில் களைப்புக்கு உள்ள பங்கை வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுவதே இல்லை.

தோற்றவர்கள் வருத்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்று கதையை முடித்துவிடலாம். முடியவில்லை!

1950 ஜனவரி 24. உறுப்பினர்கள் சாசனத்தில் கையெழுத்திடும் நாள். மேஜை மேல் ஆங்கிலப் பிரதி இருக்கிறது. பக்கத்தில் ஹிந்திப் பிரதி. அதையும் புரட்டிப் பாருங்கள். முதல் ஷரத்து. முதல் சொல்.

'பாரத்.'

அப்புறம்தான், 'அதாவது இந்தியா'.

காமத்தும் திரிபாதியும் கை தூக்கித் தோற்ற அதே வரிசை, ஹிந்திப் பிரதியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. ஒரே நாடு, ஒரே சாசனம். ஒரு பிரதியில் இந்தியா முன்னே, இன்னொன்றில் பாரதம் முன்னே. இரண்டிலும் கையெழுத்து விழுந்தது. 2023-இல் ஜி20 விருந்து அழைப்பிதழில் 'பாரதத்தின் குடியரசுத் தலைவர்' என்று அச்சானதும் ஊரெல்லாம் எழுந்ததே ஒரு விவாதம், அதில் இரு கட்சிக்காரர்களும் சாசனத்தையே கையில் பிடித்துக்கொண்டு பேசினார்கள். இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

டெல்லி தன் பெயரை 89 கைகளை எண்ணி முடிவு செய்தது. பக்கத்து நாட்டுப் பெயருக்கு அந்த வேலைகூட இருக்கவில்லை. அதை எந்தச் சபையும் யோசித்து வைக்கவில்லை. எந்தக் கட்சித் தலைவரும் வைக்கவில்லை. 1933-இல் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த ஒரு பஞ்சாபி வெளியிட்ட மெல்லிய துண்டுப் பிரசுரத்தில் முளைத்த பெயர் அது. பதினான்கு வருஷத்தில் அது நாடாகிவிட்டது. 1948 ஏப்ரலில், தான் பெயர் வைத்த நாட்டில் வாழலாம் என்று சௌதரி ரஹ்மத் அலி லாகூருக்கு வந்து சேர்ந்தார்.

அக்டோபரில் அவரை நாட்டைவிட்டே வெளியேறச் சொன்னார்கள்.

பெயர் வைத்தவர் அந்த ஆறு மாதத்தில் அப்படி என்னதான் செய்தார்? அடுத்த வாரம் லாகூரில் சந்திப்போம்.

(தொடரும்)